அவுட்பாக்ஸில் பதினொரு கடிதங்கள்

டார்ச்சம்மா என்றால் லிஃப்ட் வைத்திருக்கும் கட்டடக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். லிஃப்ட்டைச் சோதித்து, ஓடலாமா கூடாதா என்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை. பட்டப்பகலில்கூட கையில் டார்ச் இல்லாமல் எந்தக் கட்டடத்துக்குள்ளும் நுழைய மாட்டாள் என்பதால் வந்த பெயர். யார் என்ன சொன்னாலும் ஒரு தடவை வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள். வேலை இடத்தில் அது நல்ல குணம். வீட்டில் அதே குணத்துக்கு வேறு பெயர் என்று அவள் கணவர் சொல்வார். அவர் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்து அளவு எழுதுகிறவர்.

கணவருடைய தம்பியும் அவளும் ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்தார்கள். நிறுவனம் என்றால் இரண்டு அறை, நான்கு பேர். முதலாளி வெளியூரில் இருந்தார், மாதத்துக்கு இரண்டு முறை வந்து போவார். வாடிக்கையாளர்களைப் பிடிப்பதும், கம்ப்யூட்டர், டெலிபோன், நெட் லைன் என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதும் கொழுந்தன்தான். கல்யாணம் ஆகாதவன். மாடி அறையில் தனியாக இருந்தான், சாப்பாடு கீழே அண்ணி கையால்.

அந்த வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு, அவள் மேசைக்கு வந்து உட்கார்ந்ததும் போன் அடித்தது. ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றின் சங்கச் செயலாளர். வாட்ச் கடைக்காரர்.

"என்ன மேடம், ரிப்போர்ட் எப்போ வரும்? நாளைக்குச் சங்கக் கூட்டம். எதை வெச்சுப் பேசறது?"

"திங்கக்கிழமையே அனுப்பிட்டேனே. லிஃப்ட்டை நிறுத்தச் சொல்லி எழுதியிருந்தேன். நிறுத்தலையா?"

"எதுவும் வரலையே. லிஃப்ட் பாட்டுக்கு ஓடிட்டுத்தான் இருக்கு."

திங்கட்கிழமை அந்தக் கட்டடத்தின் உச்சியில், இயந்திர அறையில் உட்கார்ந்து, லிஃப்ட்டைத் தாங்கும் கம்பி வடங்களை அங்குலம் அங்குலமாகப் பார்த்திருந்தாள். ஒரு வடத்தில் ஒரு சாண் நீளத்துக்குள் பத்தொன்பது இழைகள் அறுந்து, முள் முள்ளாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அன்று மதியமே அறிக்கை எழுதி, படங்களைச் சேர்த்து, 'அனுப்பு' பொத்தானை அழுத்தினாள். கடிதம் திரையிலிருந்து மறைந்தது. மறைந்தால் போய்விட்டது என்றுதான் இத்தனை வருடமாக நினைத்திருந்தாள்.

"இப்பவே நிறுத்துங்க. வடம் அறுந்துட்டு இருக்கு" என்றாள்.

"போன்ல சொன்னா எப்படி மேடம்? ஜனங்க என்னைப் பிய்ச்சு எடுத்துடுவாங்க. எழுத்துல ஒண்ணு வரட்டும், உடனே நிறுத்திடறேன்."

போனை வைத்தார். அவள் மெயில் புரோகிராமைத் திறந்து இடது பக்கப் பட்டியலைப் பார்த்தாள். 'அனுப்பியவை' பெட்டியில் கடைசிக் கடிதம் போன வெள்ளிக்கிழமையோடு நின்றிருந்தது. அதற்கு மேலே 'அவுட்பாக்ஸ்' என்ற பெட்டி. பக்கத்தில் பதினொன்று என்ற எண். இந்த எண் எத்தனை நாளாக இங்கே இருந்தது? தபால்பெட்டியில் போட்ட கடிதத்தைப் பெட்டிக்குள்ளேயே யாரோ பிடித்து வைத்துக்கொண்ட மாதிரி, நான்கு நாள் கடிதங்கள் அத்தனையும் அங்கே வரிசையாகக் கிடந்தன.

பத்துக் கடிதங்கள் அவளுடையவை. எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்த பதினொன்றாவது அவளுடையது அல்ல. அனுப்பியவர் இடத்தில் கொழுந்தனின் முகவரி. முன்பு அந்த மேசை அவனுடையது, அவன் மெயில் கணக்கு இன்னும் அந்தக் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. எழுதிய நாள் சனிக்கிழமை. பெறுபவர், வாட்ச் கடைச் செயலாளர்.

அடுத்தவர் கடிதத்தைப் படிக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். படித்தாள்.

"நாம் பேசியதுதான். திங்கட்கிழமை அண்ணி வருகிறார். அவர் அறிக்கை வருவதற்குள் வேலையை முடித்துவிடு. எழுத்தில் வந்துவிட்டால் பிறகு என் கையில் ஒன்றும் இல்லை."

அவ்வளவுதான்.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். போன வாரம் சாப்பிட உட்கார்ந்தபோது கொழுந்தன் சொன்னது காதில் வந்து நின்றது. "அண்ணி, அந்த ஆறு மாடிக் கட்டடத்துல கொஞ்சம் பார்த்து எழுதுங்க. செயலாளர் நம்ம ஆளு, என்கூடப் படிச்சவன்." அப்போது அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாகக் குத்தியது. பார்த்து எழுதுங்க. அறிக்கை வருவதற்குள் வேலையை முடித்துவிடு. என்ன வேலை? சனிக்கிழமை அவள் லீவில் இருந்தபோது, 'புது லைன் போடறோம்' என்று நாள் முழுக்க இந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவன் அவன்தான். திங்கட்கிழமையிலிருந்து இவள் கடிதம் ஒன்றும் போகவில்லை. ஆனால் வரவேண்டிய கடிதம் மட்டும் டாண் டாண் என்று வந்துகொண்டிருந்தது, இவளுக்குச் சந்தேகமே வராதபடி.

கதவு திறந்தது. கொழுந்தன்தான். ஒரு கையில் ஹெல்மெட், மறு கையில் சாவிக்கொத்து.

"என்ன அண்ணி, காலங்காத்தால கம்ப்யூட்டரை முறைச்சுப் பார்க்கறீங்க? மக்கர் பண்ணுதா? தள்ளுங்க, நான் பார்க்கறேன்."

"வேண்டாம்!" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. "ஒண்ணுமில்ல. நான் பார்த்துக்கறேன்."

அவன் ஒரு கணம் நின்றான். திரை அவன் பக்கம் தெரியாதபடி அவள் உடம்பைத் திருப்பினாள். அதைக் கவனித்தானா என்று தெரியவில்லை. "சரி, நான் கிளம்பறேன். மதியச் சாப்பாட்டுக்கு வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். எங்கே கிளம்புகிறான் என்று சொல்லாமல் போனது அவளுக்கு இன்னும் உறுத்தியது.

கணவருக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, உங்க தம்பி நான் அனுப்பற ரிப்போர்ட்டை நிறுத்தி வெச்சிருக்கான்."

"நிறுத்தி வெச்சிருக்கானா? எப்படி, கையால பிடிச்சா?" கடையில் யாருக்கோ எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தார் போல. "கீழ் வரி படிங்க சார்... இரு, உனக்கு இல்ல. அவன் எதுக்கு அப்படிப் பண்ணப்போறான்?"

"செயலாளர் அவன் சிநேகிதன். லிஃப்ட்டை நிறுத்தினா அந்தக் கட்டடம் நம்மளை விட்டுப் போயிடும்னு பயம்."

"நீ அவன்கிட்டயே கேட்டியா?"

"கேட்டா ஒத்துப்பானா?"

"கேக்காமலே தீர்ப்பு எழுதுவியா? எனக்குத் தெரிஞ்சது கண்ணு மட்டும்தான். ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பான கண்ணாடியைப் போட்டுக்கிட்டா எல்லாமே கோணலாத்தான் தெரியும்."

"உங்க தம்பின்னா விட்டுக்கொடுக்க மாட்டீங்களே" என்று வைத்துவிட்டாள்.

பாம்பு என்று தாண்டவும் முடியவில்லை, பழுதை என்று மிதிக்கவும் முடியவில்லை. எதுவானாலும் தடயத்தைக் கண்டுபிடித்துவிட்டு அவன் முன்னால் வைக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். லிஃப்ட் நின்றுபோனால் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகத்தானே பார்ப்பாள்? அப்படியே இதையும் பார்த்தாள்.

முதலில் தனக்குத் தானே ஒரு வரிக் கடிதம் அனுப்பினாள். அது அவுட்பாக்ஸில் பன்னிரண்டாவதாகப் போய் உட்கார்ந்தது. படங்கள் பெரிதாக இருந்து வழியை அடைத்துக்கொண்டிருக்குமோ என்று அறிக்கையை வேறொரு பெட்டிக்கு நகர்த்திப் பார்த்தாள். அப்படியும் எதுவும் நகரவில்லை. புரோகிராம் 'இணைப்பின்றி வேலை செய்' என்ற நிலையில் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. வைரஸ் தடுப்பைப் பத்து நிமிடம் நிறுத்தி வைத்து அனுப்பினாள். சின்னச் சக்கரம் ஒன்று வெகுநேரம் சுற்றியது, பிறகு ஒரு பெட்டி எழுந்து வந்தது. 'அனுப்பும் சர்வர் பதில் தரவில்லை.' அறிக்கையைத் திரும்ப அதன் இடத்திலேயே வைத்தாள்.

கணக்கு அமைப்புகளைத் திறந்தாள். வரும் கடிதங்களுக்கு ஒரு சர்வர், போகும் கடிதங்களுக்கு வேறொரு சர்வர் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. போகும் சர்வருக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம். 'அனுப்பும்போது கடவுச்சொல் தேவை.' அதில் டிக் இல்லை. கீழே போர்ட் என்று போட்டு 25 என்ற எண்.

டிக் இருக்க வேண்டிய இடத்தில் டிக் இல்லை என்றால் யாரோ எடுத்திருக்கிறார்கள். அந்த யாரோ வேறு யார்? கடவுச்சொல்கூட அவளிடம் கிடையாது. கணக்கைத் தொடங்கிக் கொடுத்த நாளிலிருந்து அது கொழுந்தனிடம்தான் இருந்தது. அதனால்தான் வேறு கம்ப்யூட்டரிலிருந்தோ போனிலிருந்தோ அவளால் அனுப்ப முடியவில்லை. கூடவே இருந்து குழி பறிப்பது என்றால் இதுதான் என்று நினைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மெயில் கம்பெனியின் உதவி எண்ணுக்கு அடித்தாள்.

இருபது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் எடுத்தாள். எந்தப் பதற்றத்துக்கும் பழகிய குரல்.

"மெயில் உள்ள வருதா மேடம்?"

"வருது. வெளியதான் போகல. யாரோ வேணும்னே செட்டிங்கை மாத்தியிருக்காங்க."

"என்ன மாத்தியிருக்காங்க?"

"பாஸ்வேர்டு கட்டத்துல டிக்கை எடுத்திருக்காங்க."

விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. "உங்க கணக்கு ரொம்பப் பழசு மேடம். அந்தக் காலத்துல டிக் போடாமலேதான் ஆரம்பிப்பாங்க. யாரும் எடுத்திருக்க மாட்டாங்க, முதல்லேர்ந்தே இருந்திருக்காது. நெட் லைன் எதாவது சமீபத்துல மாத்தினீங்களா?"

"சனிக்கிழமை. என் கொழுந்தன் மாத்தினான்."

"அதான் விஷயம். போர்ட் இருபத்தஞ்சுன்னு இருக்கா? பழைய லைன்காரங்க அந்த வழியைத் திறந்து வெச்சிருப்பாங்க. புது லைன்காரங்க அதை மூடியிருப்பாங்க. அந்த வழியாக் குப்பை மெயில் நிறையப் போகும், அதனால பாதிப் பேர் மூடிட்டாங்க. உங்க வீட்டு வாசலை அடைச்சிட்டு பக்கத்துல புது வாசல் வெச்ச மாதிரி. நீங்க பழைய கதவையே தட்டிட்டு இருக்கீங்க."

"லைனை மாத்தினா இப்படி ஆகும்னு மாத்தறவங்களுக்குத் தெரியுமா?"

"பத்துல ஒன்பது பேருக்குத் தெரியாது மேடம். தினமும் நாப்பது போன் எனக்கு இதுக்குத்தான் வருது."

பத்தில் ஒன்பது பேருக்குத்தானே தெரியாது, அந்தப் பத்தாவது ஆள் இவனாக இருந்தால் என்று டார்ச்சம்மா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அந்தப் பெண் சொல்லச் சொல்ல, 25-ஐ அழித்து 587 என்று போட்டாள். பாதுகாப்பு இணைப்பைத் தேர்ந்தெடுத்தாள். கடவுச்சொல் கட்டத்தில் டிக் போட்டு, 'வரும் கடிதங்களுக்கான அதே சொல்லைப் பயன்படுத்து' என்பதை அழுத்தினாள். மறந்துவிடாமல் இரண்டு கணக்குக்கும் அதையே செய்யச் சொன்னாள் அந்தப் பெண்.

"இப்போ அனுப்புங்க மேடம்."

விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. அழுத்தினால் எல்லாம் போகும். கொழுந்தன் கடிதமும் போகும்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு, அவன் கடிதத்தைத் திறந்து ஒரு பிரதி அச்செடுத்தாள். அதற்கடியில் தன் அறிக்கையையும் அச்செடுத்துக் கையெழுத்திட்டு முத்திரை குத்தினாள். இரண்டையும் பையில் வைத்தாள். பிறகு அழுத்தினாள்.

பன்னிரண்டு, பதினொன்று, பத்து. எண் குறைந்துகொண்டே வந்து இல்லாமல் போனது. சில நொடிகளில், அவள் தனக்கே எழுதிய ஒரு வரிக் கடிதம் மணி அடித்துக்கொண்டு உள்ளே வந்தது.

"வந்துடுச்சா மேடம்? வேற எதாவது உதவி வேணுமா?"

"இந்த உதவியே ஜாஸ்தி" என்றாள் டார்ச்சம்மா. நன்றி சொல்ல மறந்துவிட்டாள்.

மெயில் போனாலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு மணிக்கு அந்தக் கட்டடத்தின் வாசலில் நின்றாள். கீழ்த்தளத்துக் கூடத்தில் செயலாளர் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கொழுந்தனும் அங்கேதான் இருந்தான். ஒரு தோளில் துணி மூட்டை, மறு கையில் பெரிய பை. இரண்டும், அவன் பக்கத்தில் ஊன்றுகோலோடு நின்ற, ஆறாம் மாடியில் குடியிருக்கும் தையல்காரம்மாவுடையவை.

டார்ச்சம்மா லிஃப்ட்டைக் கீழே வரவழைத்தாள். கதவு திறந்து உள்ளே ஆள் இல்லை என்று பார்த்தாள். கதவு மூடாதபடி காவலாளியை நிற்க வைத்துவிட்டு, ஆறு மாடியும் படியேறி, இயந்திர அறையில் மெயின் சுவிட்சை இறக்கித் தன் சொந்தப் பூட்டைப் போட்டாள். இறங்கி வந்து அறிக்கையைச் செயலாளர் கையில் திணித்தாள்.

"எழுத்துல கேட்டீங்களே. இந்தாங்க."

"ஐயோ மேடம், இதுவும் மெயில்ல வந்துடுச்சு, அவன் எழுதினதும் வந்துடுச்சு, ஒரே நேரத்துல!" என்றார் அவர். "அண்ணியும் கொழுந்தனும் சேர்ந்து பேசி வெச்சுக்கிட்டு மிரட்டறீங்களா?"

"அவன் மிரட்டினானா?"

"பின்ன? போன வருஷத்துலேர்ந்து என் உயிரை எடுக்கறான். வடத்தை மாத்து, வடத்தை மாத்துன்னு. அண்ணி வந்து எழுதிட்டா சீல் வெச்சிடுவாங்க, வடம் வர்ற வரைக்கும் லிஃப்ட் கெடையாது, அதுக்குள்ள மாத்திடுன்னு போன வாரம் கடைக்கே வந்து உட்கார்ந்துட்டான். சங்கத்துல ஒத்துக்கணுமே, நான் என்ன பண்றது?"

அவள் கொழுந்தனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"அப்போ நான் எப்படி ஏறி இறங்கறது?" தையல்காரம்மாவின் குரல் உடைந்தது. "துணி வாங்க வர்றவங்க ஆறு மாடி ஏறி வருவாங்களா?"

கொழுந்தன் மூட்டையை இன்னும் கொஞ்சம் தோளில் ஏற்றிக்கொண்டு, "வாங்கக்கா, மெதுவா ஏறலாம்" என்றான்.

அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு அவன் இறங்கி வரும்போது, மூன்றாம் மாடித் திருப்பத்தில் டார்ச்சம்மா படியில் உட்கார்ந்திருந்தாள்.

"போன வருஷமே தெரியுமா உனக்கு?"

"செயலாளர் ஒரு தடவை மேல கூட்டிட்டுப் போய்க் காட்டினான். நாலு இழை அறுந்திருந்தது."

"எண்ணினியா?"

"எண்ணினேன்."

"எழுதினியா?"

அவன் மென்று முழுங்கினான். "வாயால சொன்னேன் அண்ணி. எழுதினா உடனே உங்களை அனுப்பணும், நீங்க நிறுத்துவீங்க. அவன் என் சிநேகிதன். அந்தக்கா வேற மேல இருக்காங்க. நாலுதானேன்னு..."

"நாலு இப்போ பத்தொன்பது. வாய்ச் சொல்லைக் கேட்டுட்டு வடம் சும்மா இருக்குமா தம்பி? அந்த அக்கா உள்ள இருக்கும்போது அறுந்திருந்தா?"

அவள் பையைத் தன் பக்கம் இழுத்தபோது, அச்செடுத்த காகிதத்தின் முனை வெளியே தெரிந்தது. தன் பெயரை அவன் பார்த்துவிட்டான். குனிந்து எடுத்தான்.

"இது என் மெயில். எதுக்கு அண்ணி பிரிண்ட் எடுத்தீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். அதற்கு இடம் இருந்தது. "முதலாளிக்கு அனுப்பறதுக்கு" என்றாள். "என் மெயிலை நீதான் நிறுத்தி வெச்சிருக்கேன்னு நினைச்சேன்."

அவன் அதை நான்காக மடித்தான். கிழிக்கவில்லை, திட்டவுமில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காகிதத்தை அவள் மடியில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனான்.

வடம் வர ஆறு நாள் ஆயிற்று. பழைய வடத்தைக் கழற்றிய ஆட்கள், வெளியே தெரிந்ததைவிட உள்ளே நிலைமை மோசம் என்றார்கள், நடுவில் துரு பிடித்துப் பொடியாகக் கொட்டியது. அந்த ஆறு நாளும் கொழுந்தன் காலையும் மாலையும் ஆறு மாடி ஏறி இறங்கித் துணி சுமந்தான். போன வருடம் தான் பார்த்ததை நாள், இழை எண்ணிக்கை எல்லாம் போட்டு அவனே முதலாளிக்கு எழுதினான். முதலாளி ஊரிலிருந்து வந்து அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு திட்டினார், அந்தக் கட்டடத்தை அவன் பொறுப்பிலிருந்து எடுத்தார். அவள் கம்ப்யூட்டரிலிருந்து தன் கணக்கை நீக்கிய கொழுந்தன், அவள் கடவுச்சொல்லை ஒரு சீட்டில் எழுதி மேசையில் வைத்துவிட்டான். வீட்டில் சாப்பாட்டுக்குக் கீழே வருவதையும் நிறுத்தினான். தட்டை அண்ணன் மாடிக்கு எடுத்துப் போனார், காலித் தட்டோடு திரும்பி வந்தார். இருவரில் யாரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை. அதுவே அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மதியம் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கொழுந்தன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, ஒண்ணு கேக்கறேன். நிஜமாவே நான் பண்ணியிருப்பேன்னு நினைச்சீங்களா, இல்ல கோவத்துல சொன்னீங்களா?"

"நிஜமாத்தான் நினைச்சேன்."

"எவ்வளவு நேரம்?"

"காலைல ஒன்பதரைலேர்ந்து மதியம் ஒரு மணி வரைக்கும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கணும்" என்றாள் அவள். "நீயும் என்கிட்ட ஒரு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்."

உள்ளறையிலிருந்து கணவர், "பசிக்குதுடா, ரெண்டு பேரும் வாதாடி முடிச்சாச்சுன்னா உட்காருங்க" என்று குரல் கொடுத்தார். கொழுந்தன் அலமாரியிலிருந்து மூன்று தட்டுகளை எடுத்து வந்து தரையில் போட்டான்.